எந்தக் கால், எந்த விரல்?

அமெரிக்காவில் டாக்டர் கத்தி வைப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது கோயமுத்தூரில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் மெடிக்கல் பில்லிங்கில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்கு: ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நம்பர் உண்டு. இடதா வலதா, ஒன்றா ரெண்டா என்று சொல்ல அதன் பின்னால் ரெண்டே எழுத்திலோ எண்ணிலோ ஒரு வால் ஒட்டணும். அதுதான் மாடிஃபயர். அதை ஒழுங்காக ஒட்டினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அன்னூருக்குத் திரும்பி, கல்யாணத்துக்குத் தலையாட்ட வேண்டும். இது அப்பா போட்ட ஒப்பந்தம்.

ரெண்டு முழங்கால்

ஒரு அம்மாவுக்கு ஒரே நாளில் ரெண்டு முழங்காலிலும் ஊசி. நானும் வால் ஒட்டாமல் ஒரே நம்பரை ரெண்டு தடவை அடித்து அனுப்பினேன். ஒரே ஊசிக்கு ரெண்டு பில்லா என்று திருப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் யூசுப் பாயிடம் பொரிந்து தள்ளினேன். கோட்டைமேட்டுக்காரர், கோபமே வராது. “மனுசனுக்கு ரெண்டு காலுன்னு நீ சொன்னாத்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும், அம்மணி!”

பந்தி உபசாரம்

டாக்டர் சிகிச்சை செய்த அன்றே தனியாக இன்னொரு பரிசோதனையும் செய்திருந்தால் இருபத்தஞ்சு என்று ஒட்டணும். கேட்காமலே இலையில் வைத்துப் பழகிய ஊர்க்காரி நான். எதற்கும் இருக்கட்டுமே என்று எல்லா பில்லுக்கும் ஒட்டிவிட்டேன். ஐயோ, செய்யாத பரிசோதனைக்குப் பணமா, டாக்டர் ஏமாற்றுகிறாரா என்று கேட்டு ஃபேக்ஸ் வந்தது! என் வேலை நிரந்தரமாவதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். யூசுப் பாய் டீயை நீட்டினார். “வேண்டாம் வேண்டாம்னாலும் பாயசம் ஊத்தறது நம்மூர்ப் பந்தியில சரி, அம்மணி. இன்சூரன்ஸ்காரன் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டானே!”

அப்பா வந்தார்

விஷயம் காதுக்கு எட்டியதும் அப்பா என்னைக் கூட்டிப்போக பஸ் ஏறி வந்துவிட்டார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “அப்படி என்ன கண்ணு வேலை இது?” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! திரையில் ஒரு தச்சரின் பில் இருந்தது. ஒரே கையில் ரெண்டு விரலுக்கு ஆபரேஷன். “பாருங்கப்பா, சும்மா விரல்னா ஒத்துக்கமாட்டான். இது இடது கைக் கட்டைவிரல், இது அதுக்கடுத்த விரல்னு தனித்தனியாச் சொல்லோணும். இல்லாட்டி ஒண்ணைத் தள்ளிடுவான்.”

ரெண்டையும் ஒட்டி, ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் பார்த்து அனுப்பினேன். அப்பாவோடு கிளம்பப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “அந்தியூர்ச் சந்தையில நுகத்துக்கு எந்தப் பக்கம் பழகின மாடுன்னு சொல்லாம வித்தா எவன் வாங்குவான்? இத்தனை நாளா சும்மா டைப்படிக்கிறேன்னுட்டு இருந்தியே, சாமி! நிரந்தரம் ஆனாலும் ஆகாட்டியும் நீ இரு. கல்யாணத்தை அப்பறம் பாத்துக்கலாம், நான் பஸ்ஸுக்குப் போறேன்.”

அடுத்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று என்றாலும், மகள் அமெரிக்காக்காரனுக்குக் கைகால் பார்க்கிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மட்டும் இன்றுவரை ஒரு மாடிஃபயரும் கிடைக்கவில்லை.