விரல் தெரிந்தால் போதும்

எங்கள் வீட்டு லேப்டாப்பைக் கொன்றது என் கணவர்தான். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதிவைப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். ஆயுத பூஜை வந்தால் அந்த மில்லில் ஒரு மிஷினையும் விடமாட்டார்கள். துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலையை வாரிக்கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அந்த வருடம் அங்கே பூஜை முடித்த கையோடு வந்தவர், வீட்டில் இருந்த மிக்சி, கிரைண்டர், சைக்கிள், என் தையல் மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, கடைசியில் லேப்டாப்பையும் திறந்து வைத்துவிட்டார். மாவிலையை முக்கி ஒரு தெளி. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். பக்தி முற்றிப்போய் மறுபடியும் முக்கினார். எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே மஞ்சளாக இறங்கியது. மேலே மாட்டியிருந்த குட்டிக் கேமராவின் கண்ணில், சரியாக நடுவில், சந்தனப் பொட்டு.

"யோவ், இன்னாயா பண்ண?" என்று நான் அடுப்பை விட்டு ஓடிவந்தபோது திரை ஒருமுறை வெளுத்து அணைந்தது.

"மிஷினுக்குப் பண்றதத்தான பண்ணேன். எங்க மோட்டாருக்கெல்லாம் வருசா வருசம் தெளிக்கிறோம், ஒண்ணும் ஆவல."

"உன் மோட்டாருல எவளாவது பேசுறாளா? இதுலதான்யா என் தங்கச்சி பேசுறா!"

அவர் கையிலிருந்த மாவிலை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் பக்கத்தில் அவளுக்கென்று பள்ளிக்கூடம் எதுவும் இல்லாததால், சின்ன வயதில் நானும் அவளுமாக ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். மூன்று விரலை மடக்கினால் பசி. இரண்டு விரலை மடக்கினால் பொய். கன்னத்தில் ஒரு விரல் வைத்தால் கோபம், அதே விரலை இழுத்தால் அழுகை. எங்கள் அம்மா, அப்பா போன பிறகு அந்தப் பேச்சு உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவளைப் புனேயில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவருக்கும் காது கேட்காது. நல்ல மனிதர், ஆனால் அவர் கற்ற கைமொழி வேறு. இருவரும் அப்போதுதான் ஒருவர் கையை மற்றவர் படிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் அவள் வயிற்றில் பிள்ளை. அடுத்த வீட்டில் இருந்து மாமியார் வரை யாருக்கும் இவள் கை புரியாது. ஆகவே மாலையில் நாங்கள் இருவரும் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவதுதான் அவளுக்கு ஒரே பேச்சு. அப்போது செல்போனில் முகம் பார்த்துப் பேச வழி கிடையாது. எழுதி அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். அனுப்பினாள். "நல்லா இருக்கேன் அக்கா." அடுத்த நாளும் அதே. எழுத்தில் அவள் எப்போதும் நன்றாகத்தான் இருப்பாள். அவள் உண்மையாக எப்படி இருக்கிறாள் என்பது அவள் விரலில்தான் தெரியும்.

பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். தடுப்புக்கு மேலே ஒருவன் எட்டிப் பார்த்து, "ஊமப்படம் ஓடுதுடா" என்று சிரித்தான். அவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் என் தங்கை அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். இனிமேல் அங்கே வராதே என்று கையை வீசிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். அன்றைக்கு வழியெல்லாம் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரே ஆறுதல், தீபாவளி போனஸ். அதற்குள் அடங்க வேண்டும் என்று முடிவு செய்து ஒரு விடுமுறை நாளில் நானும் அவரும் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினோம். எங்கள் ஊர்க் கடைகளில் பெட்டியை மூடியபடிதான் காட்டுவார்கள். திருவள்ளூரில் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் எல்லாவற்றையும் திறந்து வைத்திருப்பார்கள், தொட்டுப் பார்க்கலாம் என்று மில்லில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரர் வாய் மூடாத ஆள். பெரிய திரை வைத்த ஒன்றை முதலில் தள்ளினார். "மேடம், இத பாருங்க. ரெண்டு ஜிபி ராம். டிவிடி போட்டு படம் பாக்கலாம். சவுண்டு சும்மா தியேட்டர் மாதிரி வரும்."

"சவுண்டு வாணாங்க" என்றேன்.

சவுண்டைக் கூட்டப் போனவர் திரும்பிப் பார்த்தார். "சவுண்டு வாணாமா?"

"கேமரா எப்டி கீதுன்னு சொல்லுங்க."

எல்லாவற்றிலும் கேமரா இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்றார். எல்லாம் ஒன்று என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். பெரியதை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, என் கணவரைப் பக்கத்தில் நிறுத்தி, என் கையைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்க்கச் சொன்னேன். நான் கேமராவின் எதிரில் நின்று என் தங்கையிடம் பேசுகிற வேகத்திலேயே கையை ஆட்டினேன்.

"எத்தன வெரல மடக்குனேன், சொல்லு."

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு."

நன்றாகத்தான் தெரிந்தது. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு மாலை நேரம் ஞாபகம் வந்தது. அந்த வருடங்களில் கரெண்ட் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகும். என் தங்கை கணவர் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிற நேரமும், எங்கள் பக்கம் விளக்கு போகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் அமையும்.

"அண்ணே, டியூப்லைட்ட கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்?"

"பண்ணுங்கன்றேன்ல."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்கு எப்போது ஃபேனைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கடைக்காரர் விளக்கை அணைத்தார். வாசல் வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது. நான் மறுபடி கையை ஆட்டினேன்.

"எத்தன?"

"தெர்லடி. சாம்பார்ல போட்ட வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு கீது."

அப்படியானால் பசி என்று அவள் சொன்னால் எனக்குப் பொய் என்று தெரியும். பெரியதை ஒதுக்கினேன். அதற்கடுத்ததில் நான் ஒன்றைக் காட்டி முடித்துக் கையை இறக்கிய பிறகு திரையில் என் கை மேலே போனது. வேண்டாம் என்றேன். இன்னொன்றில் என் முகமே இருட்டில் கரைந்துபோனது. அதற்குள் பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர்கள், சார்ஜர் மாற்ற வந்தவர்கள் எல்லாரும் வேலையை மறந்து என் கணவர் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

மூலையில் ஒன்று இருந்தது. அப்போது புதிதாக வரத் தொடங்கியிருந்த குட்டி ரகம். மற்றவற்றில் பாதி அகலம், சிடி போட வாய் கிடையாது, விலையும் எல்லாவற்றையும்விடக் குறைவு.

"அத்த போய்க் கேக்குற. சோறு கட்டிக்கினு போற டப்பா மாதிரி கீது" என்றார் என் கணவர்.

"மேடம், அது சும்மா மெயில் பாக்கறதுக்கு. உங்களுக்கு அது பத்தாது" என்றார் கடைக்காரர்.

எனக்கு எது பத்தும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது! பிடிவாதமாக அதையே திறக்கச் சொன்னேன். மங்கலில் கையைத் தூக்கினேன்.

"மூணு!" என்று கத்தினார் ஒருவர். என் கணவர் இல்லை, மை வாங்க வந்தவர்.

"ரெண்டு!" இது இன்னொருவர்.

வேகமாக ஆட்டினேன். ஆட்டி, கன்னத்தில் விரலை வைத்து இழுத்தேன். "அழுவுது, அழுவுது" என்றார் என் கணவர். அவருக்கு எங்கள் பேச்சில் தெரிந்த ஒரே சொல் அது.

"இதான்" என்றேன். "இதையே கட்டுங்க."

போனஸில் மிச்சம் வேறு. அந்த மிச்சத்தில் என் கணவர் தானாகவே ஒரு பேட்டரி வாங்கினார். விளக்கு போனாலும் இன்டர்நெட் மோடம் அணையாமல் இருக்க ஏதோ ஒயரைக் கோத்து அதை மாட்டிவைத்தார். மஞ்சள் தண்ணீருக்கு அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. வாயால் கேட்கிற ரகம் இல்லை அவர்.

மறுநாள் மாலை அவளைக் கூப்பிட்டேன். அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே, சொல்லிவைத்த மாதிரி, தெரு முழுக்க விளக்கு போனது. அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். ஆனால் திரை அணையவில்லை, மோடமும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் எமர்ஜென்சி விளக்கை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அவள் வந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனால் கோபம் வாடவில்லை. கையை எடுத்தாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு! ஏன் என்னை விட்டாய், நீயும் செத்துவிட்டாயா, நல்லா இருக்கேன் என்று எழுதினால் நம்பிவிடுவாயா, வாந்தி எடுத்தே கிடந்தேன், யாரிடம் சொல்வது. எனக்கு ஒரு விரல்கூடத் தப்பவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அவள் இன்னும் திட்டினாள்.

பிறகு சட்டென்று நிறுத்தினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, வயிறு தெரிகிற அளவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு கையை வயிற்றில் வைத்தாள். மறுகையின் விரல்களைக் குவித்து, மெல்ல, உள்ளிருந்து ஒருவர் சுண்டுகிற மாதிரிச் சுண்டினாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

முந்தாநாள், என்றாள். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். உனக்கு எழுதவில்லை. இதை எழுத மாட்டேன் அக்கா, உனக்குக் கையால்தான் சொல்வேன் என்று வைத்திருந்தேன்.

நான் போட்ட கூச்சலில் இருட்டுத் தெருவில் நாலைந்து கதவுகள் திறந்தன. "இன்னா ஆச்சு? ஊட்ல யாருக்கின்னா?" என்று எதிர்வீட்டு அக்கா பதறினாள். என் கணவர் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடினார்.

"ஒண்ணும் இல்லக்கா, கொயந்த உதைக்குதாம்!" என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "எங்க மச்சினிச்சி இப்பதான் சொல்லுச்சு!"