டின் குடித்த விக்கெட் கீப்பர்

மாரடைப்பு என்று தூக்கி வரப்பட்டவனுக்கு இருபத்திரண்டு வயது. விக்கெட் கீப்பர் என்பதால் கையில் கிளவுஸ் போட்டிருந்தான். அதைக் கழற்றாமல் நாடி பிடிக்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் கிரிக்கெட் அணி முழுவதும், அணிக்குப் பின்னால் அவன் அம்மா மாரியாயி. எல்லோரும் உள்ளே நுழைந்ததும் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் நோயாளியைக் கிடத்த இடமில்லாமல் போய்விட்டது.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மெடிக்கல் அசிஸ்டன்டாக இருந்த காலம் அது. தோட்டத்தில் 'டாக்டர் ஐயா' என்பார்கள். இருமல், வயிற்றுப்போக்கு, கத்தி வெட்டு என்றுதான் அன்றாடம் போகும். மாரடைப்பு அபூர்வம். அதுவும் இந்த வயதில் நான் பார்த்ததே இல்லை.

யோகராஜ் என்ற அந்தப் பையனின் நாடி தறிகெட்டு ஓடியது. விரல்கள் நடுங்கின.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க."

"குடிச்சியா?"

மாரியாயி முந்திக்கொண்டாள். "சாமி சத்தியமா எம்புள்ள குடிக்க மாட்டான் ஐயா!"

"குடிச்சான் ஐயா," என்றான் கேப்டன். "டின்னு. மேட்சுக்கு முன்ன ரெண்டு, பிரேக்ல ரெண்டு. நான் வச்சிருந்ததையும் எடுத்துக் குடிச்சிட்டான்."

"டின்னா?" மாரியாயி திகைத்தாள். "வீட்டுல டின் மீனே வாங்கலையே ஐயா! பருப்புத்தானே வச்சேன்!"

கேப்டன் சிரித்துவிட்டான். படுத்திருந்தவனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனர்ஜி டிரிங்க் அப்போதுதான் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் அதன் பெயரெல்லாம் சொல்லிக் கேட்பதில்லை. 'டின்னு' என்றால் கடைக்காரருக்குப் புரியும்.

எனக்கும் ஏறக்குறைய புரிந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு விஷயத்தில் ஏறக்குறைய என்று விட முடியாது. தோட்டத்து லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

என்னுடைய சொற்பொழிவு

இளைஞர்களைத் திருத்துவது என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. வாசிகசாலையில் எல்லோரையும் கூட்டி, போர்டில் பெரிய இதயம் ஒன்றை வரைந்தேன். டின்னில் இருக்கிற கஃபேன், சீனி எல்லாவற்றையும் விளக்கினேன்.

"இதைக் குடிச்சா தூக்கம் வராது. ஹார்ட் வேகமா அடிக்கும். உடம்பு சும்மா இருக்க விடாது. தெரியுதா?"

"தெரியும் ஐயா," என்றான் கேப்டன் பணிவாக. "அதுக்குத்தானே குடிக்கிறோம்."

கைதட்டல் விழுந்தது. எனக்கல்ல.

சந்தியில்

கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் சித்திரை வருஷத்துக்கு ஊர் வந்திருந்தார்கள்; விடுமுறை முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு காலை, பஸ் நிற்கும் சந்தியில் யோகராஜ் கூட்டாளிகளோடு நின்றான். கையில் டின். ஸ்டைலாகத் தலையைச் சாய்த்து ஒரு மிடறு குடித்தான்.

எனக்கு வந்த கோபத்தில் ரோட்டைத் தாண்டிப் போய் டின்னைப் பிடுங்கினேன். சுட்டது. முகர்ந்து பார்த்தேன். இஞ்சி வாசம். உள்ளே பால் சேர்க்காத பிளேன்டி!

அவன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "மெதுவா பேசுங்க ஐயா, அவனுங்களுக்குக் கேட்ரும். டின்னு இல்லாம நின்னா சீக்காளின்னு கிண்டல் பண்ணுவானுங்க."

"டீ குடிக்கிறதுல என்னடா வெக்கம்?"

"டீ இங்க எல்லாரும்தான் குடிக்கிறாங்க. டின்னு கையில இருந்தாதான் கொழும்புலேர்ந்து வந்தவன்னு தெரியும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளையாட்டாகத்தான் அடுத்ததைக் கேட்டேன்: "கொழும்புலயும் இப்படி டீயை ஊத்திக்கிட்டுத்தான் திரியுறியா?"

அவன் சிரிக்கவில்லை. "அங்க நெசமாவே குடிக்கணும் ஐயா. காலையில கடை தொறக்குறதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கணும். பூட்டுன பெறகு சாமான் எறக்கணும். கண்ணு சொருகுனா மொதலாளியே ஒரு டின்னை ஒடைச்சுக் கையில குடுப்பாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

"எப்ப தூங்குவ?"

"மேல் மாடியில, சாக்குகளுக்கு நடுவுல. எடம் கெடைச்சப்ப."

டின்னை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். வாசிகசாலையில் அத்தனை நேரம் பேசினேன், இந்தக் கேள்வியை ஒருவனிடம்கூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கே அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போய், அவனை வைத்துக்கொண்டே மாரியாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"தூங்க விடாத எடத்துக்கு இனிமே போவாத தம்பி."

"சம்பளம்மா..."

"சம்பளம் கெடக்கு. உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடுனப்ப என் உசுரே இல்லை."

அவன் போகவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்தான். அந்த இரண்டு மாதமும் அம்மாவும் மகனும் சண்டை போட்டது டிஸ்பென்சரி வரை கேட்டது. பிறகு ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. பொழுது சாயும்போது கடையைப் பூட்டிவிடுவார்கள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். சம்பளம் கொழும்பை விடக் குறைவுதான்.

அதன் பிறகு படபடப்பு என்று எந்த இளைஞன் வந்தாலும், என்ன குடித்தாய் என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கே வேலை, எப்போது தூங்குகிறாய் என்று கேட்பேன். பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

அவன் ஹட்டன் வேலைக்குப் போகத் தொடங்கிச் சில வாரம் கழித்து மாரியாயி கவலையோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"ஐயா, தம்பிக்கு இப்ப வேற சீக்குங்க. ஞாயித்துக்கிழமையானா பகல் பன்னெண்டு வரைக்கும் எழும்ப மாட்டேங்கிறான். தண்ணி தெளிச்சாலும் பொரண்டு படுத்துக்கிறான். ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?"

"இருக்கு," என்றேன். "தரமாட்டேன்."