யாரும் விலை கேட்காத கார்

இர்யா பீரொய்னென் எங்கள் சரளைக் குழிக்கு முதல் தடவை வந்தது கார்ப் பந்தயம் பார்க்க அல்ல. இறந்துபோன மகனுடைய ஹெல்மெட்டை வாங்கிப் போக வந்தாள். அது கிளப் கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் மனம் துணியவில்லை.

ஜூன் மாதம். பால் டேங்கரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வேலைச் சட்டையோடேயே இறங்கி வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தாள். பிறகு தன் தலையில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு," என்றாள். "ஓஸ்மோ, ரேஸ் லைசென்ஸ் வாங்க என்ன செய்யணும்?"

ஓஸ்மோ நான்தான். குவுசிலம்பி கிளப்பின் பந்தய நாட்களில் பழைய கேரவன் ஒன்றில் உட்கார்ந்து பெயர் பதிவதும், ஒலிபெருக்கியில் முடிவு சொல்வதும் என் வேலை. அவளுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

"யாருக்கு லைசென்ஸ்?" என்று கேட்டேன்.

"இங்க வேற யாரு தலையில ஹெல்மெட் இருக்கு?"

எங்கள் சாவோ பக்கத்துக்காரர்களிடம் கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்விதான் வரும். நான் விவரத்தைச் சொன்னேன்.

அவள் மகன் யார்னோ எங்கள் கிளப்பில் கொடி காட்டுபவனாகச் சேர்ந்தவன். மற்றவர்கள் காரை இரவல் வாங்கி இரண்டொரு முறை ஓட்டியிருக்கிறான். கடைசிக் குளிர்காலம் முழுவதும் அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கொரோல்லா காரைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தான். அந்தக் கொட்டகையில் மாடு நின்று பல வருடம் ஆகிவிட்டது. காயலான் கடையிலிருந்து எஞ்சின், பக்கத்துப் பண்ணையின் புதரிலிருந்து கதவு, தண்ணீர்க் குழாய்க்காரனிடமிருந்து வெல்டிங் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டைத் தானே வெல்டிங் செய்தான். ஏப்ரலில் கார் முடிந்தது. அதே வாரம் மீன் வலை எடுக்கப் பனிவண்டியில் உறைந்த ஏரிக்குப் போனான். வசந்தகாலப் பனிக்கட்டி பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே ஊசி ஊசியாக உடைந்திருக்கும். அவனுக்கும் இது தெரியும். ஆனாலும் போனான்.

அப்பாக்காரன் எப்போதோ ஸ்வீடனுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். அடக்கத்துக்கு வந்தான், அன்று மாலையே கப்பல் ஏறினான். இர்யா அடுத்த திங்கட்கிழமை பால் எடுக்கப் போய்விட்டாள். பசு துக்கம் காக்காது, கறந்தே ஆக வேண்டும் என்று பண்ணைக்காரர் ஒருவரிடம் சொன்னாளாம்.

ஜூலையில் அந்த கொரோல்லாவை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கதவில் யார்னோ தன் கையால் எழுதிய எண் இருந்தது. அதை மாற்றாமல் அப்படியே பதிவு செய்துகொண்டேன்.

இர்யா ஓட்டுவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை சுற்றி வந்து அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தோம். ஆனால் கால் நூற்றாண்டாகக் குளிரிலும் சேற்றிலும் பால் நிரம்பித் தளும்பும் லாரியைப் பண்ணைச் சாலைகளில் திருப்பியவள் அவள். சரளையில் சக்கரம் வழுக்கும்போது பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் கோடையில் இடிவாங்கிக் கடைசியாக வந்தாள். இரண்டாவது கோடையில் இடித்துவிட்டு முன்னால் வந்தாள். மரம் ஏற்றும் லாரி ஓட்டும் ரௌனோ ஹோலொபைனெனை ஒருமுறை வளைவில் முட்டி மணல் திட்டில் ஏற்றிவிட்டாள்.

"பால்காரம்மா, கண்ணாடி பாத்து ஓட்டு," என்று அவன் தூசியைத் துப்பினான்.

"எதுக்குப் பாக்கணும்? பின்னாடி நீதானே இருப்ப," என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. பணக்காரன் பணத்தைக் கொட்டிக் கார் செய்யக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. பந்தயம் முடிந்ததும், அன்று ஓட்டிய எவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து எந்தக் காரையும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, அதுவும் அற்ப விலை. பலர் கேட்டால் சீட்டுக் குலுக்குவோம். சொந்தக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் லைசென்ஸ் போய்விடும். அதனால் குளிர்காலமெல்லாம் உயிரைக் கொடுத்துச் செய்த காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அடுத்தவன் டிரெய்லரில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற ஆட்கள் எங்களில் நிறைய. கொடுக்க மனமில்லாதவன் ஓட்ட வரக் கூடாது.

இரண்டாவது கோடை முடிவதற்குள் இர்யா இறுதிச் சுற்றுகளில் ஜெயிக்க ஆரம்பித்தாள். ஜெயிக்கிற காரைச் சுற்றி ஈ மொய்ப்பது போல ஆள் மொய்க்கும். அவள் காருக்கு மட்டும் ஒருவரும் சீட்டு எழுதவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. அது செத்த பிள்ளை செய்த கார். அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு நாள் கேரவன் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"ஓஸ்மோ, என் காரை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"நான் இன்னிக்கு முதல்ல வந்தேன்."

"தெரியும். நான்தானே மைக்ல சொன்னேன்."

"நாலாவதா வந்த அந்தத் துரு டப்பாவுக்கு?"

நான் மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அந்தத் துரு டப்பாவுக்கு ஒரு கொத்துச் சீட்டு வந்திருந்தது.

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த பந்தயம் செப்டம்பரில். காலையில் ஓட்டுநர்கள் எல்லாரையும் கூட்டி விதிகளை வாசித்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பது வழக்கம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்று இர்யா கையைத் தூக்கினாள். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் உங்க எல்லாரையும் இடிச்சிருக்கேன். நீங்களும் என்னை இடிச்சீங்க. அப்பல்லாம் பாவம் பாக்கல. அதுக்கு நன்றி. ஆனா கொடி விழுந்து பந்தயம் முடிஞ்சப்புறம் எல்லாரும் சர்ச்சுக்கு வந்த மாதிரி என் காரைச் சுத்திப் போறீங்க. அது கல்லறை இல்ல. கல்லறை சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கு, அங்க பூச்செடிக்கு நானே தண்ணி ஊத்திக்கிறேன். இது கார். யார்னோ இந்தப் பந்தயத்துக்குன்னுதான் செஞ்சான், விதியெல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சான். என்னை மட்டும் விதிக்கு வெளிய நிறுத்தினா நான் ஜெயிச்சதும் ஜெயிச்சதாகாது."

எங்கோ ஓர் எஞ்சின் இருமியது.

அன்றும் அவள்தான் ஜெயித்தாள். சீட்டு எழுதும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள். நேரம் முடியப்போகும் சமயத்தில் ரௌனோ வந்து ஜன்னலில் ஒரு சீட்டை வைத்தான். அவன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"யோசிச்சுத்தான் குடுக்கிறியா?" என்றேன்.

"அவ கேட்டா. ஒருத்தனாவது காது கேக்கிறவனா இருக்க வேணாமா?" என்றான். திரும்பிப் போகும்போது, "நல்ல கார் வேற," என்றான்.

ஒரே சீட்டு. குலுக்கவும் இல்லை. ஒலிபெருக்கியில் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ரௌனோ போன பக்கமெல்லாம் ஆட்கள் முதுகைக் காட்டினார்கள். சாசேஜ் சுடுகிற பெண், அடுப்பில் வரிசையாக வெந்துகொண்டிருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று அவனிடம் சொன்னாள். இர்யா அவன் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தாள். தனக்கொன்று கேட்டாள். கிடைத்தது. அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவன் கையில் வைத்தாள்.

"கடுகு சாஸ் வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்."

"கடுகில்லாம எப்படித் திங்கிற?" என்று அவளே போட்டுக் கொடுத்தாள்.

இருவரும் நின்றபடியே தின்றார்கள். பிறகு, காரைத் தானே ஓட்டி அவன் டிரெய்லரில் ஏற்றலாமா என்று அவனிடம் கேட்டாள். இப்போது கார் அவனுடையது, அதனால் கேட்டாள். ஏற்றி இறங்கியதும் காரின் குணங்களைச் சொன்னாள்: மூன்றாவது கியருக்கு ஒரு தட்டுத் தட்ட வேண்டும், குளிரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் கிளம்பாது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவளுடைய காலி டிரெய்லர் சரளையில் கடகடத்துக்கொண்டு போனது வெகுதூரம் வரை கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காப்பி குடிக்க அவள் வீட்டுக்குப் போனபோது, நான் கேட்காமலே சொன்னாள்.

"காரைக் குடுத்த அன்னிக்குப் பஸ் நிறுத்தத்துல வண்டிய ஒதுக்கி நிறுத்தி அழுதேன், ஓஸ்மோ. ஏரியில அவனை வெளிய எடுத்தப்பக்கூட அப்படி வரல. ஒவ்வொரு பந்தயத்துலயும் யாரும் கேட்டுறக் கூடாதுன்னுதான் வேண்டிக்குவேன். யாரும் கேக்கலன்னா கோவம் வரும். ரெண்டும் நெஜந்தான்."

"ரௌனோ மேல வருத்தம் உண்டா?"

"அவன் மேல இல்ல. அவனுக்குத்தான் அதிகக் கஷ்டம். எனக்குக் கொடுக்க வேண்டியது மட்டுந்தான் இருந்துச்சு. அவன் கேக்க வேண்டியிருந்துச்சே."

ஏலக்காய் ரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். கொட்டகையில் ஒரு கொரோல்லா எலும்புக்கூடு வந்து நின்றுவிட்டிருந்தது. புதன்கிழமைகளில் வயதுவந்தோர் கல்வி வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் போட்ட முதல் வெல்டிங்கை எனக்குக் காட்டினாள். கோழி கிளறியது போல இருந்தது. நான் அதையே சொன்னேன்.

"கோழி இதைவிட நேரா கிளறும்," என்றாள்.

மே மாதம் நடந்த அந்த வருட முதல் பந்தயத்துக்குள் அவள் காரை முடிக்க முடியவில்லை. பார்வையாளராக வந்து கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றாள். இரண்டாவது சுற்றில் ரௌனோவின் பின்சக்கரத்தை யாரோ தட்ட, யார்னோவின் கார் வளைவுச் சுவரில் ஏறி உருண்டது. உருண்டு உருண்டு குழியின் அடியில் தலைகீழாக நின்றது. சிவப்புக் கொடி. தூசி மெல்ல அடங்கியது. பிறகு ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது, அதன் பின்னால் ரௌனோ வந்தான்.

அவன் நேரே ஆம்புலன்ஸுக்குப் போகவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றருகே இர்யா முன்னால் வந்து நின்றான்.

"முடிஞ்சு போச்சு, இர்யா. எதுவும் மிஞ்சல."

"நீ மிஞ்சியிருக்க," என்றாள். "அடி?"

"கழுத்து கொஞ்சம். கூண்டு நசுங்கவே இல்ல. உன் பையன் போட்ட வெல்டிங் ஒரு இடத்துலகூட விடல."

அவள் குழியின் அடியில் கிடந்த காரைப் பார்த்தாள். கூரைத் தகடு முழுக்கக் கிழிந்து, உள்ளே இரும்புக் கூண்டு மட்டும் வீட்டின் மரச்சட்டம் போல வளையாமல் நின்றது. வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ரௌனோ அழுதான். பெரிய உடம்புக்காரன், சத்தமில்லாமல் அழுதான். அவள் அவனுடைய கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கொஞ்சம் உலுக்கினாள்.

"கியர்பாக்ஸ் எப்படியிருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"எனக்கு ஒண்ணு வேணும். பதிலுக்கு டயர் தரேன்."

மறுவாரம் அவனே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று மாலை வரை அங்கேயே இருந்து மாட்டியும் விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு கிளப்பில் யாரும் அவனுக்கு முதுகைக் காட்டவில்லை.

இர்யாவின் சொந்தக் கார் ஜூலையில் வந்தது. முதல் பந்தயத்தில் பாதியிலேயே நின்றுபோனது. செப்டம்பரில் மூன்றாவதாக வந்தது. குலுக்கலில் பக்கத்து ஊர்க் கிளப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சீட்டு விழுந்தது. இர்யா சாவியைக் கொடுத்துக் கைகுலுக்கினாள். அடுத்த குளிர்காலத்தில் இன்னொன்று செய்தாள். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பால் லாரியை இன்னும் ஓட்டுகிறாள். போன வாரம் போனபோது மூன்றாவது கார் கொட்டகையில் நின்றது. அதற்கு இன்னும் கதவு கிடைக்கவில்லை.