அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், தைப்பூசம் முடிந்த அடுத்த புதன்கிழமை சாயங்காலம், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் நடந்தது இது. அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. என் மனைவி மத்தியானமே அரிசிச் சேமியா மீகூன் பிரட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஆவிக்குரிய வாழ்க்கையில் என் பங்கு பெரும்பாலும் நாற்காலி அளவில்தான்.

எங்கள் கூட்டத்தில் முதலில் பாட்டு, அப்புறம் வேத வாசிப்பு, அதற்கப்புறம் ஜெபக் குறிப்பு. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வது. ஆபரேஷன், பிள்ளைகளின் பரீட்சை, வேலை என்று நல்லபடியாகத்தான் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது, "இத வெளியில சொல்லக்கூடாது, ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அவ்வளவுதான், எல்லா நாற்காலியும் அரை அடி முன்னால் நகரும். என்னுடையதும்தான். சபையில் எந்த வீட்டில் என்ன புகைகிறது என்பதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது இந்த ஜெப வட்டத்தில்தான்.

அன்றைக்குக் குரலைத் தாழ்த்தியவர் இன்சூரன்ஸ் விற்கும் ஒரு பிரதர். பையிலிருந்து போனை எடுத்தார். "ஜெபத்துக்காக மட்டும் காட்டறேன். யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க" என்றார். அந்தப் படம் அதற்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி முடித்திருந்தது என்பது பிறகு தெரிந்தது.

படத்தில் எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர். முருகன் ரதம் போகும் நாளில், டத்தோ கிராமாட் சாலையில், உடைந்த தேங்காய்க் குவியல் நடுவே குனிந்து நிற்கிறார். கையில் ஒரு தேங்காய் மூடி.

"தேங்காய் உடைக்கப் போயிருக்கு" என்றார் பிரதர், துக்க வீட்டுக் குரலில்.

போன் கை மாறி மாறி வந்தது. "அடக் கர்த்தாவே" என்று ஒருவர். "போன ஞாயிறுதான் எங்க வீட்டுச் சின்னதுக்கு வசனம் சொல்லிக் குடுத்துச்சு" என்று இன்னொருவர். என் கைக்கு வந்தபோது டீச்சரைப் பார்த்தேன். பிறகு படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே தலையில்லாத ஒரு தொப்பை நீலக் கட்டம் போட்ட சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டேன். பல வருடமாக வளர்த்தவனுக்குத் தெரியாதா?

ரதம் வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தச் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். மோர் ஊற்ற உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் போவேன். ஊற்றுவதைவிடக் குடிப்பது அதிகம். ரதம் வருவதற்கு முன் பாதை முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். தமிழர்களைவிடச் சீனர்கள் உடைப்பதுதான் ஜாஸ்தி. சாலையே தெரியாது. அந்த மூடிகளுக்கு நடுவே ஒரு சக்கர நாற்காலி சிக்கி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர் டீச்சர். உட்கார்ந்திருந்தது அவருடைய அம்மா. டீச்சர் படிக்கிற காலத்தில் கிறிஸ்தவரானவர். அம்மா முருக பக்தை. பக்கவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. ரதம் பார்க்க வேண்டும் என்று விளங்குகிற கையால் ஜன்னலைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

டீச்சர் குனிந்து மூடிகளைப் பொறுக்கி ஓரத்தில் எறிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க!" என்றார். பிடித்தேன், தூக்கினோம். ரதம் வந்தது. அம்மா ஒற்றைக் கையை நெற்றிவரை உயர்த்தினார். மகள் கும்பிடவில்லை. அம்மா முன்னால் சரிந்து விழாமல் இருக்க, பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

இதை நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுப்பதற்குள் எங்கள் ஜெபக்குழுத் தலைவி பேச ஆரம்பித்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லாருக்கும் அவர் அக்கா. மோசமானவர் இல்லை. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே தூங்கியவர். ஆனால் ஒன்று தப்பு என்று மனதில் பட்டுவிட்டால், உள்ளே இன்னும் வண்டி இருந்தாலும் கேட்டைப் பூட்டிவிடுகிற ரகம்.

"டீச்சர் சபை முன்னால நின்னு தப்புன்னு அறிக்கை செய்யணும். அதுவரைக்கும் ஞாயிறு பள்ளி வேணாம். பாஸ்டர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன். இப்ப எல்லாரும் ஒருமனமா ஜெபிப்போம்."

எங்கள் குழுவில் எதை முடிவு செய்தாலும் சங்கிலி ஜெபம் உண்டு. வட்டமாகக் கைகோத்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்பது. ஒருவர் முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். சுற்று முழுதாக முடிந்தால்தான் அது கர்த்தருடைய சித்தம். வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுபவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்தினால் போதும், சங்கிலி நகர்ந்துவிடும். நான் அழுத்தியே காலம் தள்ளியவன். மேடையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிப்பேன், சொந்த வார்த்தை என்றால் கையழுத்தம்.

அக்கா ஜெபித்தார், மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். இன்சூரன்ஸ் பிரதர், பாவத்தை விட்டுத் திரும்பிப் பரிசுத்தத்தை நாடும் இருதயத்தை அந்தத் தங்கச்சிக்குத் தாரும் என்று உருக்கமாக, கொஞ்சம் நீளமாகவே ஜெபித்தார். ஆமென். என் முறை வந்தது. என் மனைவியின் கை அழுத்தத்துக்குத் தயாராக என் கைக்குள் இருந்தது.

நான் கண்ணைத் திறந்தேன்.

"அக்கா, அந்தப் போட்டோல ஓரமா ஒரு தொப்பை இருக்கே, அது யாருதுன்னு பாத்தீங்களா?"

"பிரதர், ஜெபம் நடக்குது. கண்ண மூடுங்க."

"மூடினா தொப்பை தெரியாதுக்கா. அது என்னுது."

இன்சூரன்ஸ் பிரதர் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "அதே சட்டைதான்லா!" என்றார். உண்மைதான், அன்றைக்கும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். துப்பறிவதற்கு இவ்வளவு வசதி யாரும் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

"நீங்க ஏன் அங்க போனீங்க?" என்றார் அக்கா.

"மோர் குடிக்க."

மனைவி தொடையில் கிள்ளினாள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சக்கர நாற்காலி, மூடிகள், தோளைப் பிடித்திருந்த இரண்டு கைகள்.

அக்கா அசையவில்லை. "அம்மாவ வேற யார்கூடயாவது அனுப்பியிருக்கலாம். டீச்சர்னா சாட்சியா வாழ்ந்து காட்டணும், பிரதர். பிள்ளைங்க பாக்குதுங்க. பரிசுத்தம்னா விளையாட்டா?"

"விளையாட்டு இல்லக்கா. அதனாலதான் கண்ணத் திறந்தேன். தாய் தகப்பனக் கனம்பண்ணுங்கற கட்டளைய அந்தப் பொண்ணு வகுப்புல சொல்லிக் குடுத்துச்சு, நடுரோட்டுல செஞ்சும் காட்டிருச்சு. பாவத்த விட்டுத் திரும்பணும்னு ஜெபிக்கறோம். திரும்ப வேண்டியவங்க இந்த ஹால்ல உக்காந்திருக்கோம். முதல் ஆளு நான். ஜெபக் குறிப்புன்னு சொல்லிச் சொல்லி ஊர்க் கதைய ருசி பாத்தவன். இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க வேதபாடம் வாசிக்க முடியாது."

"சரிக்கா. அறிக்கை செய்யணும்னா என்னையே முதல்ல மேடையேத்துங்க. இந்தப் போட்டோவ யார் எடுத்தாங்க, யாருக்கு அனுப்பினாங்க, யார் யார் உத்துப் பாத்தோம், எல்லாத்தையும் சொல்றேன். மைக் மட்டும் நல்லா இருக்கணும்."

சங்கிலி என்னிடம் அறுந்து தொங்கியது. அடுத்தது என் மனைவி. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, அந்த நாற்காலியத் தள்ளின கைக்குப் பலம் கொடும். மீகூன் ஆறுது. ஆமென்."

நான் மட்டும் அதற்கு உரக்க ஆமென் சொன்னேன். மீகூனை அன்று பாதிப் பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். மீதியை வெள்ளிக்கிழமை வரைக்கும் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். கொள்கைக்காக நான் பட்ட பாடுகளில் அதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை என் வேதபாடத்தை வேறொருவர் வாசித்தார். ஆராதனை முடிந்து ஞாயிறு பள்ளி வகுப்பறைப் பக்கம் போய் நின்றேன். டீச்சர் வந்தார், அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு. படம் அவருக்கே ஃபார்வர்ட் ஆகி வந்திருந்ததாம்.

"அண்ணே, உங்க வயிறு போட்டோல நல்லா விழுந்திருக்கு" என்றார். சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. "மன்னிப்புக் கேளுன்னாங்கன்னா இப்படியே வீட்டுக்குப் போயிடுவேன். எங்கம்மாவுக்கு மகளா இருந்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

வகுப்பறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இரட்டைக் கதவு. ஒன்று திறந்திருந்தது, மற்றதில் தாழ்ப்பாள். டீச்சர் நிறுத்தாமல் நேராக வாசலுக்கே தள்ளிக்கொண்டு போனார். ஒற்றைக் கதவில் நாற்காலி நுழையாது. அக்கா டீச்சரைப் பார்த்தார். அப்புறம் கீழே சக்கரத்தைப் பார்த்தார். அச்சில் தேங்காய் நார் இன்னும் சுற்றியிருந்தது. உள்ளே பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கத்திக்கொண்டிருந்தன. அக்கா குனிந்து தாழ்ப்பாளை நீக்கி, இரண்டாவது கதவையும் திறந்துவிட்டார்.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் இன்றும் வகுப்பெடுக்கிறார். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் பாட்டுக்கு ஒற்றைக் கையால் தொடையில் தாளம் போடுகிறார். என் வேதபாடம் மட்டும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார் பாஸ்டர். அந்த ஓய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பரவாயில்லை. ரதம் வரும் நாளில் அதே சட்டையில் மோர் ஊற்றப் போகிறேன். படமெடுக்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து தலையையும் சேர்த்து எடுக்கவும்.

போகக்கூடாத இடங்களுக்குப் போகாமல் இருப்பதுதான் பரிசுத்தம் என்று நினைத்திருந்த காலம் வரைக்கும் என் மார்க் மோசமில்லை. இப்போதெல்லாம் யாராவது "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினால், நான் என் நாற்காலியை அரை அடி பின்னால் இழுத்துக்கொள்கிறேன். காது கேட்கத் துடிக்கும்போது அந்த அரை அடியை இழுக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு புதன்கிழமையும் புதிதாகத் தெரிந்துகொள்கிறேன்.