அடைத்திருந்த ஒன்பதாவது ஓட்டை

1. பல்லேபொல பஸ்ஸில், ஒரு வளைவில், மேல்தட்டிலிருந்து என் பை விழுந்தது. உள்ளே இருந்த மடிக்கணினியின் திரை நொறுங்கியது. மற்றதெல்லாம் வேலை செய்தது.

2. அதற்குள் பாதி முடிந்த ஒரு மின்சுற்று வரைபடம் இருந்தது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒரு வேலைக்கு அதுதான் பரீட்சை. மறுநாள் மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். போனின் சின்னத் திரையில் அதை முடிக்க முடியாது.

3. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் பக்கத்துக் கடை முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, தன் கடைக் கெமராவுக்கு வைத்திருந்த பழைய மொனிட்டரை இரவல் தந்தார்.

4. மாத்தளை டவுனில் ஓர் அடாப்டர் வாங்கினேன். என் கணினியின் புதிய வாயையும் மொனிட்டரின் பழைய வயரையும் இணைப்பது அது.

5. வயர் அடாப்டருக்குள் இறங்கவில்லை.

6. அண்ணன் எண்ணெய் விட்டான்.

ஆறாவதை விளக்கியாக வேண்டும். அண்ணன் திரீவீலர் ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில் இறுகிப்போன எதற்கும் எண்ணெய்தான் மருந்து: பூட்டு, ஜன்னல் கொக்கி, ஒருமுறை மோதிரம் மாட்டிக்கொண்ட அம்மாவின் விரல். நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றப் போன நேரத்தில் வயரின் முனையில் இரண்டு சொட்டு எஞ்சின் ஒயில் விட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறான்.

"எறங்கிருச்சா அண்ணே?"

"எறங்கல. ஆனா ஒண்ணு மட்டும் படுத்திருச்சி."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வயரின் முனையில் பதினைந்து பின்கள், மூன்று வரிசை. நடு வரிசையில் ஒன்று வளைந்து கிடந்தது, ஒன்பதாவது. பிறகு அடாப்டரைப் பார்த்தேன். அதில் பதினான்கு ஓட்டைகள்தான் இருந்தன. ஒன்பதாவது இருக்க வேண்டிய இடம் பிளாஸ்டிக்கால் அடைபட்டிருந்தது. சில பழைய அமைப்புகளில் அந்தப் பின்னுக்கு வேலை இல்லை. அதனால் ஓட்டையை அடைத்தே செய்துவிடுவார்கள். எண்ணெயால் இளகும் வகை இறுக்கம் இல்லை அது. சுவர்.

என் கவலை வரைபடத்தைப் பற்றி மட்டுமல்ல. மொனிட்டரைத் தரும்போது ராத்தா சொன்னது காதில் இருந்தது. "மகள், இத நாலந்தாவில ஒராளுக்கு விக்க எங்கட வீட்டு ஆள் பேசி வெச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து எடுப்பாங்க. போன மாதிரியே திரும்பி வரணும்." அந்த வயர் கழற்ற முடியாதது, மொனிட்டரோடு சேர்ந்தே வருவது.

மொனிட்டரையும் ஏற்றிக்கொண்டு அண்ணனின் திரீவீலரிலேயே டவுனுக்குத் திரும்பினோம். அடாப்டர் விற்ற கடைக்காரர் வயரைக் கையில் வாங்கி, என்ன செய்யலாம் என்று நான் கேட்டதற்குப் பதிலை அண்ணனிடம் சொன்னார்.

"தம்பி, இது சின்ன வேல. வளஞ்ச பின்ன பிளையரால முறிச்சி விட்டா போதும். அந்தப் பின் இல்லாட்டியும் படம் வரும். எல்லாரும் அதத்தான் செய்றாங்க."

படம் வரும் என்பது உண்மை. எனக்கும் தெரியும்.

"மொனிட்டர் எங்களோடது இல்ல," என்றேன். "அடாப்டர மாத்திக் குடுங்க."

"தங்கச்சிக்கு சொல்லுங்க தம்பி, எண்ணெ பட்ட சாமான் திருப்பி எடுக்கிறதில்ல."

அண்ணன் மேற்கூரையைப் பார்த்தான்.

"சரி," என்றேன். "அப்ப இந்த அடாப்டர் என்னோடது. அடச்ச ஓட்டைய நான் தொறந்துக்கிறேன்."

"தொறக்கப் போறாவாம்! தம்பி, பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சிக்கங்க."

"வாளி வீட்டுல இருக்கு. ஒரு மில்லிமீட்டர் ட்ரில் பிட் ஒண்ணு தாங்க."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பிட்டை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தது அண்ணன் பக்கமாகத்தான். நான் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த வளைந்த பின்னைக் கவனித்தேன். பென்சில்களில், அழுத்தினால் முனை வெளியே வரும் வகை ஒன்று உண்டு. அதன் உலோக மூக்கு அந்தப் பின்னின் மேல் சரியாக உட்காரும். உட்காரவைத்து, மூச்சை அடக்கி, ஒரே தடவையில் நிமிர்த்தினேன். இப்படி வளைந்த உலோகம் ஒருமுறை மன்னிக்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் கையோடு வந்துவிடும். அது நிமிர்ந்து நின்றது. பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, எண்ணெய் போகப் பின்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

அடுத்தது ஓட்டை. அகலப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால், நடு வரிசையில் இடமிருந்து இரண்டாவது. சூடாக்கிய தையல் ஊசியால் ஒரு குழி மட்டும் வைத்தேன், பிட் வழுக்காமல் இருக்க. மெஷின் எதுவும் இல்லை. பிட்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். பக்கத்து ஓட்டையின் உலோகத்தில் பட்டால் அடாப்டர் போய்விடும். அண்ணன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கறுப்பு பிளாஸ்டிக் தூளாக வந்தது.

"கொஞ்சம் க்ரீஸ் போட்டா லேசா எறங்கும்."

நான் தலையைத் தூக்கினேன்.

"சும்மா சொன்னேன், சும்மா."

வயரைச் செருகியபோது ஒரு தட்டுக்கூடத் தேவைப்படவில்லை. திரை எரிந்தது. ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் மஞ்சள். அண்ணன் கைதட்டப்போனவன் நிறுத்திக்கொண்டான். மஞ்சள் என்றால் நீலம் வரவில்லை. நீலத்துக்கு ஒரு பின் இருக்கிறது; அதன் அடியில் ஒயில் மிச்சமிருக்க வேண்டும். கழற்றினேன், ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்தேன், உலரவிட்டேன், செருகினேன். வெள்ளை வெள்ளையாக வந்தது. என் பாதி வரைபடம் அதன் நடுவில் இருந்தது.

மறுநாள் காலையில் முடித்து, மதியத்துக்கு முன்பே அனுப்பினேன்.

சனிக்கிழமை பின்களை ஸ்பிரிட்டால் இன்னொரு தடவை துடைத்து, மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் போனேன். வயரின் முனையைக் காட்டி, வளைந்ததையும் நிமிர்த்தியதையும் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"என்ன மகள், ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது?"

"சின்ன ஒப்பரேசன் ராத்தா. இப்ப சொகம்."

கடைக் கணினியில் மாட்டி, படம் சரியாக வருவதை இருவரும் பார்த்தோம்.

"அப்ப நல்லாத்தானே ஈக்கிது. நாலந்தா ஆளுக்கு நான் செல்லிக் குடுக்கிறன்."

மொனிட்டர் பதினைந்து பின்களோடு நாலந்தாவுக்குப் போய்விட்டது. வேலை கிடைத்தது, தற்காலிகமாக. மடிக்கணினியின் திரை இன்னும் மாற்றப்படவில்லை. பழையதாக வாங்கிய வேறொரு மொனிட்டரில் வேலை செய்கிறேன். அதன் வயரிலும் பதினைந்து பின்கள், அதே அடாப்டர்தான். எஞ்சின் ஒயில் போத்தல் திரீவீலரில் இருக்கிறது. வீட்டுக்குள் வருவதில்லை.