குழியில் நட்ட எலுமிச்சை

“...அதனால குழியையும் வெட்டிட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி” என்றார் ஆட்டுக்காரர். ஆட்டுக் கிடைக்குக் காவலிருந்த அவருடைய நாய்க்குக் குடலில் கட்டி. புற்றுநோய்தான் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம்.

“வெள்ளம் வருமுன்னே அணை போடச் சொன்னாங்க. நீரு சாவு வருமுன்னே குழி போட்டிருக்கீரே, வே” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு கால்நடை டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டவன். பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். டாக்டர் கட்டியிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றினேன். மைக்ராஸ்கோப்பில் புற்றைக் காணோம். செல்லுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. பூஞ்சையாக இருக்குமோ என்று நான்தான் முதலில் கேட்டேன். பூஞ்சையைக் காட்டும் சாயத்தைப் போட்டதும் உருண்டைகள் பளிச்சென்று சிவந்தன.

“நீங்க சொன்னதுதான். தொற்று, மாத்திரைக்குக் கேட்கும்” என்றார் டாக்டர். அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு.

சில மாத மாத்திரையில் கட்டி கரைந்தது. நாய் மறுபடி கிடையைச் சுற்றிக் குரைத்தது. ஆட்டுக்காரர் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிக்கு பஸ் ஏறிப்போய் ஓர் எலுமிச்சங்கன்று வாங்கிவந்து, அந்தக் குழியில் நட்டார்.