துரு இல்லாத கம்பி

கன்னத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள் என் நாத்தனார். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிற்கிற நிலைதான். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் ஆபீஸ் அறை அது. மேசைகளையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்திருப்பார்கள். நான் செல்போன் விளக்கைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில்தான் மேடு எது, பள்ளம் எது என்று நிழல் காட்டிக் கொடுக்கும். "இன்னும் கொஞ்சம் கீய புடி அண்ணி" என்பாள். பிடிப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரல் நுனியால் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க கீது" என்பாள். எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

அந்த ஆபீஸ் சுவர்கள் செங்கல் சுவர்கள் இல்லை. தகரச் சட்டம் நிறுத்தி இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பார்க்க கல்லு மாதிரி இருக்கும், நடுவில் வெறும் காற்று. கதவை வேகமாகத் திறந்தால் கைப்பிடி சுவருக்குள்ளே போய்விடும். நாற்காலியின் முதுகு இடித்து இடித்து ஓட்டை விழும். ஒரு தரம், ஒருவர் முஷ்டியால் குத்திய ஓட்டையைக்கூட அடைத்தோம். யார் குத்தினார்கள் என்று ஆபீசில் யாரும் சொல்லவில்லை. நாத்தனார் அந்த ஓட்டைக்குள் தன் கையை விட்டுப் பார்த்து, "இன்னா கோவமோ பாவம், நல்லா ஒசரமான ஆளு" என்று என் காதோடு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

உடைந்த இடத்தைச் சதுரமாக அறுத்து, உள்ளே ஒரு பட்டையைக் கொடுத்து, அதன்மேல் அளவான துண்டுப் பலகையைத் திருகாணி போட்டு முடுக்குவாள். இடுக்கில் வலை டேப் ஒட்டி, பட்டி மாவு பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். அதுவரைக்கும் எல்லாரும் செய்கிற வேலைதான். அந்தச் சுவர்களில் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளி எழும்பியிருக்கும். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் வழவழவென்று இருந்தால், கண் நேராக அங்கேதான் போகும். அதற்கு நாத்தனார் ஒரு வழி வைத்திருந்தாள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, கையில் கசக்கிப் பந்தாக்கி, ஈரப் பட்டியின்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பாள். சில சுவருக்கு ஸ்பாஞ்ச், சிலதுக்குப் பழைய துடைப்பத்தின் அடி. வண்ணம் அடித்தபிறகு அந்த இடத்தை அவளேகூடத் தேடித்தான் கண்டுபிடிப்பாள்.

எனக்கு அவள்தான் வேலை வாங்கிக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு சித்தாளாகக் கல் சுமந்துகொண்டிருந்தவளை, "வா அண்ணி, ஏசி ரூம்ல வேல" என்று இழுத்துப் போனாள். மாவு கலக்குவது, தூள் பெருக்குவது, விளக்குப் பிடிப்பது என் வேலை. நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். தாகம் எடுத்தால்கூட அவளைத்தான் பார்ப்பேன். அவள் யாரையாவது கூப்பிட்டு, "சார், எங்க அண்ணிக்குத் தண்ணி" என்பாள்.

அவள் வீடு திருவொற்றியூரில், கடற்கரைப் பக்கம் அரசாங்கம் கட்டிய பழைய அடுக்குக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். அறையின் நடுவில் கட்டில். கட்டிலில் அவள் வீட்டுக்காரர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். துறைமுகத்தில் கண்டெய்னர் மேலே ஏறிக் கொக்கி மாட்டுகிற வேலையில் இருந்தவர். மழை ஈரத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வேண்டுமென்றாலும் இரண்டு பேர் சேர்ந்து திருப்ப வேண்டும். கதவு, அடுப்பு, குழாய் எல்லாம் போக அந்தக் கட்டிலுக்கு அந்த அறையில் அந்த ஒரு இடம்தான் இருந்தது.

அந்த இடத்துக்கு நேர் மேலேதான் கூரைத் தளம் கெட்டுப்போயிற்று. கடல் காற்று உப்புக் காற்று, கம்பியைத் தின்றுவிடும். கம்பி ஊதி சிமெண்டைத் தள்ளும். முதலில் மண் மாதிரி உதிர்ந்தது. அண்ணன் கண்ணில் விழும், சோற்றில் விழும். பிறகு ஒரு நாள் உள்ளங்கை அகலத் துண்டு அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையணையில் விழுந்தது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் முகம். எழுந்து ஓட முடியாத மனுஷன். அன்றைக்கு அவள் வேலைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாரிடம் சொல்லியும் ஒன்றும் நடக்காது என்பது அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அவளே செய்வதென்று முடிவு செய்தாள். ஆபீஸ்களில் மிஞ்சிய பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளில் அலைந்து, வெட்டிப் போட்ட நீளச் சட்டங்கள் கொண்டுவந்தாள். பிடிப்பு விட்டுப்போயிருந்த சிமெண்டையெல்லாம் கெட்டியான இடம் வரைக்கும் கொத்தி எடுத்தாள். கம்பியில் செதில் செதிலாக இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிகிறவரைக்கும் விடவில்லை. அதன்மேல் சிவப்பு பிரைமர் அடித்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் சட்டத்தைக் குறுக்கே கொடுத்து, பலகையை ஏற்றி முடுக்கினாள். கட்டிலை வாசல் பக்கமாக இழுத்து விட்டிருந்தோம். அண்ணன் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் அந்த வீட்டில் என்று நான் கேட்டேன். "அவரு பாக்கறாரு இல்ல" என்றாள். "நாளு பூரா மேலயே பாத்துகினு கெடக்கறாரு அண்ணி. ஒட்டு தெரிஞ்சா அத்தயேதான் பாப்பாரு. எப்ப வுழும், எப்ப வுழும்னு."

அந்தத் தளம் மரப்பலகை அடித்துக் கான்கிரீட் கொட்டிய தளம். அதில் பலகையின் அச்சு கோடு கோடாக இருந்தது. அதன்மேல் எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்த நார் மட்டையின் தடம். அதையெல்லாம் அவள் பட்டியில் திரும்பக் கொண்டுவந்தாள். கத்தி முனையால் கோடு கிழித்தாள், மட்டையால் இழுத்தாள். அண்ணன் கட்டிலில் இருந்தபடி வழி சொன்னார். அந்தத் தளத்தை அவரைப்போல் யார் பார்த்திருப்பார்கள்? "அங்க ஒரு முடிச்சு இருந்துச்சு மே, மரத்துல இருக்குமே, அந்த மாதிரி. வட்டமா. அத்த உட்டுட்ட" என்றார். அவள் ஏணியில் நின்றபடியே, "ஆமாய்யா, பெரிய இன்ஜினீரு" என்று சொல்லிவிட்டு, கட்டை விரலால் அந்த முடிச்சையும் வைத்தாள். அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாசியில், குடியிருப்பை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஒரேயடியாக இல்லை. எந்த வீட்டுத் தளம் ரொம்ப ஆபத்தோ, அந்த வீட்டுக் கதவில் சிவப்பு அடையாளம் போடுவார்கள். அடையாளம் போட்ட வீட்டுக்காரர்களுக்கு முதலில் புது வீடு, அதுவும் நடக்க முடியாதவர்கள் இருந்தால் தரைத் தளத்தில். நாத்தனாருக்கு அந்தக் கடைசிச் சொல்தான் காதில் விழுந்தது. தரைத் தளம் என்றால் சக்கர நாற்காலியில் அவரை வாசலுக்குக் கொண்டுவரலாம். விழுந்ததிலிருந்து அவர் தெருவைப் பார்க்கவில்லை.

அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் குடியிருப்பில் உலக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. உதிர்கிற தளத்தை இன்னும் கொஞ்சம் உதிர்த்து விடுகிறார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, அதிகாரி வந்தால் இதைச் செய்வது. எதிர் வீட்டு அம்மாள் உலக்கையும் கையுமாக வந்து நாத்தனாரின் தளத்தை அண்ணாந்து பார்த்து, "உன்க்கு இன்னாம்மே, மாளிக மாதிரி பண்ணி வெச்சிகீற. ஆபீசரு வந்து அழகு பாத்துட்டுப் போவாரு" என்று கிண்டல் செய்தாள். நாத்தனார் சிரித்தாள். உள்ளே இருப்பதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். பொய் சொல்லப் போவதில்லையே என்று என்னிடம் சொன்னாள்.

வந்த அதிகாரிக்குச் சின்ன வயசுதான். மரியாதையாகத்தான் பேசினார், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் டார்ச்சை நேராக மேலே அடித்துப் பார்த்தார்.

"தளம் நல்லாத்தானேம்மா இருக்கு."

"அது தளம் இல்ல சார். நான் ஒட்டனது. உள்ள எல்லாம் போயி கீது" என்றாள்.

எங்கே என்று கேட்டார். அவள் அண்ணாந்து கையை நீட்டினாள். நீட்டிய கை அங்கேயே தடுமாறியது. அவளுக்கே உடனே தெரியவில்லை. அண்ணன்தான் படுத்தபடியே அந்த முடிச்சைக் காட்டினார். அப்படியென்றால் திறந்து காட்டுங்கள், மேல் மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அதிகாரி போனார்.

கட்டிலை இழுத்தோம். அவள் ஏணியில் ஏறி அறுத்தாள். கை அவசரத்திலும் பழக்கத்தை விடவில்லை, சதுரமாகத்தான் அறுத்தது. பலகை கழன்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நேற்றுக் கொத்தியதுபோல் வெள்ளையாக, சுத்தமாக ஒரு பள்ளம். அதில் வரிசையாகச் சிவப்புக் கம்பிகள், புதுசு மாதிரி.

அதிகாரி திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "துரு எங்கம்மா?" என்றார். "தானா விழுந்த தளம்னா கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்கும். இது உளியால கொத்தினது."

"துருவ நாந்தான் சார் தேச்சி எடுத்தேன்."

"ஏன் எடுத்தீங்க?"

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. துருவை ஏன் எடுப்பார்கள் என்று வேலை தெரிந்த யாரும் கேட்டதில்லை. "எடுக்காம மூடனா உள்ளுக்குள்ளயே தின்னுகினு போவும் சார்" என்றாள். அவர் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். கஷ்டமாக இருந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. "இந்த மாதிரி நிறைய பார்த்தாச்சும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். உலக்கையால் இடித்த வீடுகளில் உள்ளே இருந்த துரு அப்படியே வெளியே வந்திருந்தது. எதிர் வீட்டுக் கதவில் சிவப்பு அடையாளம் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் புதுத் துண்டு வெட்டி அந்த இடத்தை மூடினாள். திறந்தபடி விட முடியாது, கீழே அவர் இருக்கிறார். ஆனால் பட்டி பூசவில்லை, கோடு கிழிக்கவில்லை. சாம்பல் நிறப் பலகையும் சுற்றி வெள்ளை டேப்பும் திருகுத் தலைகளும் அப்படியே தெரிந்தன. அடுத்து யாராவது வந்தால் பார்க்கட்டும் என்றாள். அண்ணன் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நாள் கழித்து, தன்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிடச் சொன்னார். அதற்குப் பிறகு எப்போது போனாலும் அவர் முதுகைத்தான் பார்த்தேன். ஒரே பக்கமாகப் படுத்ததில் இடுப்பில் புண் வந்தது. புண்ணிலிருந்து காய்ச்சல். அடுத்த மழைக்குள் போய்விட்டார். கயிறு கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, படி வழியாக இறக்கினார்கள். அப்போதுதான் அவர் தெருவுக்கு வந்தார்.

அவள் அந்த ஒட்டை முடிக்கவே இல்லை. நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், இப்போதாவது பூசிவிடு என்று. "இருக்கட்டும் அண்ணி, வருவாங்க" என்றாள். யாரும் வரவில்லை. எதிர் வீடு காலியாயிற்று, மேல் வீடு காலியாயிற்று. காலியான வீட்டுக் குழாயில் யாரோ பித்தளையைக் கழற்றிக்கொண்டு போக, தண்ணீர் தளத்தில் இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு இருமல் வந்தது. பட்டித் தூள் என்றார்கள் சிலர், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் என்றார்கள் சிலர். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். போன தை மாதம் அவளும் போய்விட்டாள்.

சாவி என்னிடம் இருக்கிறது. போன வாரம் அவள் பாத்திரங்களை எடுக்கப் போனேன். கதவைத் திறந்தால் காலை வைக்க இடமில்லை, அறை முழுக்கச் சிமெண்டுத் துண்டுகள். தளம் அடுப்புப் பக்கம், குழாய்ப் பக்கம் எல்லாம் கொட்டிவிட்டது. விரல் தடிமனில் இருந்த கம்பிகள் ஊதி வெடித்து, இலை இலையாகத் தொங்குகின்றன. தொட்டால் கையோடு வருகிறது துரு. சுவரில் துரு வழிந்திருக்கிறது, தரையில் துருத் தண்ணீர் நிற்கிறது. கட்டிலுக்கு மேலே மட்டும் அவள் முடுக்கிய பலகை ஒரு திருகுகூட அசையாமல் அப்படியே இருக்கிறது. அதன் கீழே கட்டில் சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.